கயிற்றுக் கட்டிலில் ஒரு பெயர்: எய்ட்ஸ் நினைவுத் துணி தைத்துப் பொது இடத்தில் விரிப்பது எப்படி

புதுச்சேரி பேருந்து நிலையத்திலோ கடலூர் முதுநகரிலோ யாரை நிறுத்திக் கேட்டாலும் எய்ட்ஸ் எப்படிப் பரவும் என்று ஒப்பித்துவிடுவார்கள். ஊசி, ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது, சுவரில் பார்த்தது, பேருந்தின் முதுகில் பார்த்தது. அதே ஆளிடம், "உங்க தெருவுல இதுல யாராவது செத்திருக்காங்களா?" என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும். காசநோய், மஞ்சள் காமாலை, "உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்று வேறு வேறு பெயர் வைத்து அனுப்பிய சாவுகள் அவை. இந்த ஊர்களில் தகவலுக்குப் பஞ்சமில்லை. செத்தவர் நம் வீட்டு ஆள் என்கிற உணர்வுதான் இல்லை. மண்டையோட்டுப் படத்தை இன்னொரு சுவரில் வரைவதால் அது வந்துவிடாது.

இந்தக் குறிப்பு எட்டு நினைவுத் துணிகளைத் தைத்து, எட்டுக் கயிற்றுக் கட்டில்களில் விரித்து, ஒரு மாலை முழுக்க ஊர் நடுவில் வைப்பதற்கானது. பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தையல் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால் போதும், மற்றவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்வார்கள்.

துணி ஏன், 3 அடிக்கு 6 அடி ஏன்

1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மெழுகுவர்த்தி ஊர்வலம் போனவர்களிடம், எய்ட்ஸில் இறந்த உங்கள் நண்பர்களின் பெயரை அட்டையில் எழுதுங்கள் என்று கேட்டார் கிளீவ் ஜோன்ஸ் என்ற செயல்பாட்டாளர். எழுதிய அட்டைகளை அரசாங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது ஒட்டுத்துணிப் போர்வை போல இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில் 1,920 துணிகளை விரித்தார்கள். இன்று ஏறத்தாழ 50,000 துணிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம், ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு.

நம் ஊரில் அந்த அளவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சாதாரணக் கயிற்றுக் கட்டில் ஏறத்தாழ அதே அளவுதான். நோய் முற்றியவரைத் திண்ணை ஓரத்திலோ மாட்டுக்கொட்டகைப் பக்கமோ தனியாகப் படுக்க வைத்ததும் அப்படி ஒரு கட்டிலில்தான். அதனால் துணியைத் தரையில் விரிக்காமல் கட்டிலில் விரிக்கச் சொல்கிறோம். வேறு காரணமும் இருக்கிறது. ஒருவர் பெயர் எழுதிய துணி தரையில் கிடந்து, அதில் யார் காலாவது பட்டால் நம் மக்களுக்குப் பொறுக்காது. துணி கொடுத்த குடும்பம் அந்த இடத்திலேயே மனசு உடைந்துவிடும். கட்டில் என்றால் அந்தப் பயம் இல்லை.

ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு காலி ஸ்டூல் போட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படுத்திருந்தவருக்குக் கிடைக்காமல் போனது பக்கத்தில் உட்கார ஒரு ஆள். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர் அந்த ஸ்டூலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால், இந்த வேலை எதற்காகச் செய்யப்பட்டதோ அது நடந்துவிட்டது.

முதலில் கையெழுத்து, அப்புறம் கத்தரிக்கோல்

எய்ட்ஸை உண்டாக்கும் ஹெச்ஐவி வைரஸ் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. அரசு மருத்துவமனையில் ஏஆர்டி என்ற கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். இடையில் 18 வருஷம். நீங்கள் தேடிப் போகும் குடும்பங்களில் பல, அந்த 18 வருஷத்துக்குள் ஆளை இழந்தவையாக இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று முப்பது வயதைத் தாண்டியவர்கள். சிலருக்குக் கல்யாணமாகி, கட்டியவருக்கே இது தெரியாமல் இருக்கும்.

அதனால் தொலைபேசியில் கேட்காதீர்கள். வாட்ஸப்பில் எழுதவே எழுதாதீர்கள். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே போய்வருகிற ஒருவர், தொற்றுள்ளோர் சங்கத்தைச் சேர்ந்தவரோ பழைய களப்பணியாளரோ, முதலில் போய்ப் பேசட்டும். அவர் வரச் சொன்ன பிறகு நீங்கள் போங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

2017ஆம் ஆண்டின் ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்பிச் சொல்லப்பட்ட ஒருவரின் ஹெச்ஐவி நிலையை, அவருடைய அல்லது அவர் பிரதிநிதியின் ஒப்புதலை எழுத்தில் பெறாமல் வெளியிடக்கூடாது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இது பொது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஒப்புதல் தாள் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். துணி கொடுப்பவர் இறந்தவருக்கு என்ன உறவு, துணியில் பெயர் எப்படி வர வேண்டும், எந்த ஊரில், எந்த நாளில் வைக்கப்படும், துணியைப் படம் எடுக்கலாமா கூடாதா, எப்போது வேண்டுமானாலும் துணியைத் திரும்பக் கேட்கலாம். இவ்வளவு போதும். வாய்விட்டுப் படித்துக் காட்டி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று அவர்களிடம். மற்றொன்று ஒரே ஒரு பொறுப்பாளரிடம், பூட்டிய பெட்டியில். அதைச் செல்பேசியில் படம் எடுத்து வைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெயரோ படமோ எந்தத் துணியிலும் வர வேண்டாம்.

பெயரை எப்படிப் போடுவது என்பதில் அவசரப்படுத்தாதீர்கள். முழுப்பெயர் போடலாம், முதல் எழுத்து மட்டும் போடலாம். பெயரே வேண்டாம் என்றால் உறவுமுறை போடலாம்: "அம்மா", "சித்தப்பா", "எங்க அக்கா". அமெரிக்கப் போர்வையிலும் பயத்தால் முதல் பெயர் மட்டும் போட்ட துணிகள் நிறைய உண்டு. நம் ஊரில் உறவுமுறைதான் ஆழமாக வேலை செய்கிறது என்பது எங்கள் கணிப்பு. "அம்மா" என்று மட்டும் எழுதிய கட்டிலுக்கு முன்னால் யாரும் "யாரோ ஒருத்தி" என்று நினைத்துக்கொண்டு நிற்க முடியாது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பெயரை மறைத்துவிட்டு, மறைத்தோம் என்ற தைரியத்தில் மற்றதையெல்லாம் தைத்துவிடுவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்துத் தையல் கடை, பிறந்த வருஷம், லாரி படம். மூன்றும் சேர்ந்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். தெரு, தொழில், தேதி ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரே துணியில் வரக்கூடாது. சாதியைக் காட்டும் அடையாளம் எதுவும் வேண்டாம்.

துணி வாங்கும்போது

அடித்துணிக்குக் காடாத்துணிதான் சரி. கெட்டியானது, விலை குறைவு, ஊசி சுலபமாக ஏறும். 48 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) கேளுங்கள். 36 அங்குலப் பன்னாவை வாங்கினால் ஓரம் மடிக்க இடம் இருக்காது, துணி 33 அங்குலத்தில் முடிந்து கட்டிலில் இரண்டு பக்கமும் கயிறு தெரியும்.

ஒரு நினைவுத் துணிக்கு மேல்பக்கம் 2¼ மீட்டர், பின்பக்கம் 2¼ மீட்டர். எட்டுக்கும் சேர்த்து 36 மீட்டர். தவறு நடக்கும் என்று வைத்துக்கொண்டு 40 மீட்டராக வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் ஊறப்போட வேண்டும். காடாவில் நெசவுக் கஞ்சி இருக்கும். அது போகாவிட்டால் சாயம் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, காய்ந்ததும் உதிரும். ஒரு வாளி வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கி மஞ்சளாக இருக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். மீட்டருக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் எல்லாம் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும், சரிசெய்ய வழியே இல்லை.

உலர்ந்த துணியில் 39 அங்குலம் அகலம், 75 அங்குலம் நீளம் வெட்டுங்கள். நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்தால் 36க்கு 72 கிடைக்கும். பக்கத்தில் மிஞ்சும் பட்டையைக் குப்பையில் போடாதீர்கள். கட்டிலில் கட்டும் வார்களுக்கு அதுவே போதும்.

மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் பஞ்சு வைக்க வேண்டாம். படத்தில் பார்க்கிற மெத்தென்ற போர்வைகள் வறண்ட ஊருக்குப் பொருந்தும். நம் கடலோரக் காற்றில் உள்ளே போன ஈரம் வெளியே வராது. ஒரே மழைக்காலத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூத்துவிடும்.

அவர் உடுத்தியது

பதினாறாம் நாள் காரியத்தோடு இறந்தவர் துணிமணியைக் கொடுத்துவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருப்பார்கள். பெட்டியின் அடியில் ஒரு சேலை, ஒரு லுங்கி, ஒரு துண்டு. முழுத்துணியைக் கேட்காதீர்கள். "ஒரு முழம் போதும்மா, நீங்களே வெட்டிக் குடுங்க" என்று சொல்லுங்கள். கத்தரிக்கோலை அவர்கள் கையில் கொடுங்கள். எங்கே வெட்டுவது என்று அவர்கள் யோசிக்கிற நேரத்தில் பேசாமல் இருங்கள்.

பருத்திச் சேலை, லுங்கி, வேட்டி சுலபம். அப்படியே வைத்துத் தைக்கலாம். பாலியெஸ்டரை இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே வைத்தால் சுருண்டு உருகும், மேலே ஈரத்துணி போட்டு லேசாக மட்டும் தேயுங்கள். பழைய பட்டுதான் கஷ்டம். மடிப்பு விழுந்த இடத்தில் தொட்டாலே கிழியும். அதை முதலில் ஒரு மெல்லிய மல் துணிமேல் பரப்பி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் காடாவில் வையுங்கள். சரிகை உப்புக்காற்றில் கறுக்கும். கறுக்கட்டும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் திரவங்கள் பட்டுத்துணியை அரித்துவிடும்.

இந்தத் துணியை மிஷினில் தைக்காதீர்கள், கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். தையல் அரை அங்குல இடைவெளியில் இருக்கட்டும். நூல் பருத்தி நூலாக, இரட்டை இழையாக, தேன்மெழுகில் ஒருமுறை இழுத்ததாக இருந்தால் சிக்கு விழாது. கையால் ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

நாடாவில் எழுதும் தமிழ்

வேறு ஊர்ப் போர்வைகளில் எழுத்துகளைத் துணியில் வெட்டி ஒட்டுவார்கள். தமிழ் எழுத்தை அப்படி வெட்டினால் ணகரத்தின் சுழியும் இகரக் கொக்கியும் பிசிறு தட்டி நாறிப்போகும். தமிழ் எழுத்து சிக்குக் கோலம் மாதிரி, ஒரே கோடு சுழித்து ஓடுவது. கோட்டைக் கோடாகவே தைப்பதுதான் அழகு. அதற்குப் பாவாடை நாடா போதும்.

பட்டை நாடா வேண்டாம், வளைவில் மடங்கித் தூக்கிக்கொள்ளும். உருண்டை நாடா கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் காடாவில் கறுப்பு, கருநீலம், அரக்கு நிறங்கள் தூரத்திலிருந்து தெரியும். சிவப்பு நாடா சாயம் விடும். ஒரு முழத்தை உப்புத் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எழுத்து உயரம் 8 அங்குலம். ஒரு எழுத்துக்கு 1 முதல் 1½ மீட்டர் நாடா போகும், ஐந்து எழுத்துப் பெயருக்கு 7 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அகலவாக்கில் எழுதினால் நான்கு எழுத்தோடு இடம் தீர்ந்துவிடும். நீளவாக்கில் எழுதுங்கள். எழுத்தின் அடிப்பக்கம் ஸ்டூல் போடும் பக்கமாக இருக்கட்டும், உட்காருகிறவர் தலையைத் திருப்பாமல் படிக்க வேண்டும்.

பென்சிலால் எழுதிக்கொண்டு, கோட்டின் மேல் நாடாவை வைத்து, கால் அங்குலத்துக்கு ஒரு தையலாகக் குறுக்கே போட்டுப் பிடியுங்கள். வளைவு வரும்போது நாடாவை இழுக்காதீர்கள், கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள். இழுத்துத் தைத்தால் மறுநாள் அடித்துணி எழுத்தைச் சுற்றிக் குழிவிழும். நாடாவின் இரண்டு முனையையும் துணியில் துளை போட்டுப் பின்பக்கம் இறக்கி முடிச்சிடுங்கள்.

மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பொத்தான் தையுங்கள். அவருடைய சட்டையிலிருந்தோ ரவிக்கையிலிருந்தோ ஒரு பொத்தானைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குங்கள். "அம்மா" என்ற சொல்லில் ஒரே ஒரு புள்ளிதான். வெளுத்துப்போன அந்தச் சின்னப் பொத்தானை விரலால் தொட்டுப் பார்க்காமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

படம் வரைய விரும்பினால் துணிக்கான அக்ரிலிக் சாயம் மட்டும். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கமிருந்து ஐந்து நிமிடம் சூடாக இஸ்திரி போட்டால் நிலைக்கும். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மடித்ததும் வெடிக்கும். எனாமல் பெயின்ட் எண்ணெய் கசிந்து சுற்றிலும் வளையம் போடும்.

பாம்பு, தூக்குக்கயிறு, எலும்புக்கூடு, ஊசி எதுவும் வரையக்கூடாது. பயமுறுத்தும் படம், பரிசோதனைக்குப் போக வேண்டியவரையும் சேர்த்துத்தான் விரட்டுகிறது. 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாடு முழுக்கச் சுவரில் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஊரையே பேசவைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் விளம்பரத்துக்காக உருவாக்கிய புள்ளிராஜா யாருக்கும் சொந்தக்காரர் இல்லை, அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்ய முடிந்தது. கட்டிலில் இருக்கிறவரைக் கேலி செய்ய முடியாது. அவருக்குப் பிடித்த கனகாம்பரம், சைக்கிள், கட்டுமரம், அவர் போட்ட கோலம், இப்படி வரையுங்கள்.

முடிந்ததும் மேல்துணி, பின்துணி இரண்டையும் சேர்த்து ஓரம் தையுங்கள், ஓரத்துக்கு மிஷின் போடலாம். மிஞ்சிய பட்டையில் ஒன்றரை அடி நீள வார்கள் வெட்டி, நான்கு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் இரண்டிரண்டாகத் தையுங்கள். ஒரு துணிக்குப் பன்னிரண்டு வார். இரும்பு வளையம் அடித்துத் தரும் கடைகள் உண்டு, அது வேண்டாம். உப்புக்காற்றில் துரு ஏறித் துணியை அரித்துவிடும்.

கண்ணீர் அஞ்சலி

1987இல் நியூயார்க்கில் ஆறு பேர் சேர்ந்து எய்ட்ஸ் பற்றி ஒரு சுவரொட்டி அடித்தார்கள். கறுப்புப் பின்னணி, ஒரு இளஞ்சிவப்பு முக்கோணம், கீழே "மௌனம் = மரணம்" என்ற பொருளில் இரண்டே சொல். விளம்பரங்களுக்கு நடுவே மன்ஹாட்டன் சுவர்களில் ஒட்டினார்கள். ஊருக்குப் பழகிய இடத்தில், பழகாத ஒன்றைச் சொன்னதுதான் அதன் பலம்.

நம் ஊரில் எல்லோரும் நின்று படிக்கிற சுவரொட்டி ஒன்றுதான்: கண்ணீர் அஞ்சலி. யார் போனது என்று பார்க்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. அதே வடிவத்தில் உங்கள் அறிவிப்பை அடியுங்கள். மேலே "கண்ணீர் அஞ்சலி". நடுவில் படம் வரும் வட்டம், உள்ளே வெறும் வெள்ளை. கீழே "காரணம் சொல்லாமல் நாம் அடக்கம் செய்த நம் ஊர்க்காரர்களுக்கு". பிறகு நாள், இடம், நேரம். சொந்தக்காரர்கள் பெயர் வரும் இடத்தில் "இப்படிக்கு" என்று மட்டும் போட்டு நான்கு அங்குலம் காலியாக விடுங்கள், பேனா வைத்திருப்பவர் எழுதட்டும். வழவழப்பான தாளில் பேனா எழுதாது, சாதாரணத் தாளில் அடியுங்கள்.

பசைக்கு 250 கிராம் மைதாவை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிளறி, கண்ணாடி போல ஆனதும் இறக்குங்கள். ஆறிய பிறகு ஒட்டினால்தான் தாள் குமிழி விடாது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது வேண்டாம். மைதா வாசனைக்கு ஆடும் மாடும் சுவரொட்டியைத் தின்னும், அவற்றுக்கு அது விஷம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் பூச்சி பிரச்சினையே இல்லை. பொதுச்சுவரை அசுத்தப்படுத்துவதற்கு எதிராகப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் சட்டம் இருக்கிறது. டீக்கடை, சலூன், தையல் கடை, சொந்தச் சுவர் வைத்திருப்பவர் என்று கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள். கேட்பதே பாதிப் பிரச்சாரம்.

நாளும் இடமும்

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். எல்லோர் மனதிலும் அந்தத் தேதிதான் வரும். ஆனால் நம் கடற்கரைக்கு அது நடு மழைக்காலம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மறுநாள் எய்ட்ஸ் தினம், ஊர் தண்ணீரில் நின்றது. டிசம்பரில் வைத்தால் கூரையுள்ள மண்டபம் ஒன்றை உறுதி செய்துவிட்டுத்தான் அறிவியுங்கள்.

எங்கள் தேர்வு மே மாதம் மூன்றாவது ஞாயிறு. எய்ட்ஸில் இறந்தவர்களுக்கான மெழுகுவர்த்தி அஞ்சலி 1983இல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவி, மே மாதத்தில் நடந்துவருகிறது. பகலில் வெயில் தாங்காது, ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கடற்காற்று வந்துவிடும். ஊரே வெளியே வரும் நேரமும் அதுதான்.

புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு மேல் அதில் வண்டிகளை விட மாட்டார்கள். காந்தி சிலைக்கு நேர் எதிரில் கூட்டம் நெருக்கும், கட்டில்களைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. கொஞ்சம் தள்ளி வையுங்கள். கடலூர் என்றால் மஞ்சக்குப்பம் மைதானத்தின் சாலையோரப் பக்கம், இல்லாவிட்டால் வெள்ளிக் கடற்கரையில் மணல் தொடங்குவதற்கு முன்னால் உள்ள தரை. மணலில் கட்டில் கால் புதையும். மாநகராட்சி அல்லது நகராட்சி, காவல் நிலையம் இரண்டுக்கும் மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையுள்ள நகலைக் கையில் வைத்திருங்கள். "எட்டுக் கட்டில், எட்டு ஸ்டூல், ஒரு ஒலிபெருக்கி, மாலை 5.30 முதல் 9 வரை" என்று எண்ணிக்கையோடு எழுதினால் கேள்வி குறையும்.

கட்டில்களை வரிசையாகப் போடாதீர்கள். வரிசை என்றால் மருத்துவமனை வார்டு மாதிரி ஆகி, மக்கள் ஓரமாக நடந்து போய்விடுவார்கள். நடக்கிற பாதையின் இரண்டு பக்கமும் முன்பின்னாக, ஒன்றுக்கொன்று ஆறடி விட்டுப் போடுங்கள். சக்கர நாற்காலி போகும் வழி இருக்கட்டும். எந்தத் துணியையும் கம்பத்தில் தொங்கவிடாதீர்கள், இந்தக் காற்றுக்கு அது பாய்மரம். கட்டிலில் கட்டும்போதும் வாரைச் சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள், கால்களில் கட்டினால் சரிந்து இறங்கிவிடும்.

கூட்டம் சேர்க்கப் பறை வேண்டுமென்றால் ஐம்பதடி தள்ளி, பத்து நிமிடம் அடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அடித்தால் எல்லோர் கண்ணும் ஆட்டத்தில் இருக்கும், முதுகு துணிக்கு இருக்கும். பிறகு ஒருவர் பெயர்களைப் படிக்கட்டும். ஒரு பெயர், பத்து விநாடி அமைதி, அடுத்த பெயர். பத்து விநாடி நீளமாகத் தோன்றும், மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி படியுங்கள். பேச்சாளர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம்.

முதலில் யாரும் ஸ்டூலில் உட்கார மாட்டார்கள். இரண்டு தொண்டர்கள் இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா துணியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். யாராவது பக்கத்தில் வந்து தயங்கினால் எழுந்து இடம் கொடுக்கட்டும், கூப்பிட வேண்டாம்.

வெளியேறும் பக்கத்தில் மட்டும் ஒரு தகவல் பலகை. ஆற்றுப்படுத்துநர் (ஆலோசனை சொல்பவர்) ஒருவர் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் யாராவது வந்து மெதுவாக "எனக்கும் இருக்கு" என்று சொல்வார்கள். பலகையில் நான்கு வரி போதும். அரசு நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். ஏஆர்டி மையத்தில் மருந்து இலவசம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. ஒழுங்காக மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது. கட்டணமில்லாத உதவி எண் 1097. மூன்றாவது வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள், சுவர்களில் இத்தனை வருஷமாக எழுதப்படாமல் இருப்பது அதுதான். "எய்ட்ஸ் நோயாளி", "கொடிய நோய்", "ஒழுக்கம்" ஆகிய சொற்கள் பலகையிலும் வேண்டாம், ஒலிபெருக்கியிலும் வேண்டாம். ஹெச்ஐவியோடு வாழ்கிறவர் என்று சொல்லுங்கள்.

ஒப்புதல் உள்ள துணியைப் படம் எடுக்கலாம், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கக்கூடாது. இதைப் பத்திரிகைக்காரர்களுக்கு வந்ததுமே சொல்லிவிடுங்கள்.

எடுத்து வைப்பது

அன்று ராத்திரியே உதறி, மறுநாள் நிழலில் உலர்த்துங்கள். உப்பு படிந்த துணியை மடித்து வைத்தால் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். துவைத்த காடாவில் சுற்றி, காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் தனித் துணியில் முடிந்து கூட வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். எட்டுத் துணியையும் ஒன்றாகத் தைத்தால் 12க்கு 12 அடிச் சதுரம் வரும், அமெரிக்கப் போர்வை அப்படித்தான் சேர்க்கப்படுகிறது. ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

குடும்பங்கள் மனம் மாறலாம். பேத்திக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அந்தச் சேலைத்துண்டைத் திரும்பக் கேட்கலாம். ஏன் என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். கையால் போட்ட ஓட்டுத்தையல் என்றால் ஒரு முனையை வெட்டி நூலை உருவினால் போதும், துணி கிழியாமல் முழுசாக வந்துவிடும். பருத்தி என்றால் ஊசித்துளைகளும் ஒரு அலசலில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பொத்தானையும் சேர்த்து ஒரு சுத்தமான துணியில் மடித்து, வாங்கின அதே ஆள் கையால் கொண்டுபோய்க் கொடுங்கள்.